கப்பல் மாடலுக்கு டரெட் அளவு எடுக்கிறது: கிட்டா, பிளானா, போட்டோவா, நேர்ல போய் அளக்கிறதா?

ஹல், அதாவது கப்பலோட உடல், முடிஞ்சு ரெண்டு மாசமா மேஜை மேல நிக்குது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். வார்ஸ்பைட், 1/200 ஸ்கேல், 1934-ல இருந்து 1937 வரைக்கும் டாக்ல வச்சு ஏறக்குறைய புதுக்கப்பல் மாதிரி மாத்திக் கட்டி வெளிய விட்டாங்களே, அந்தத் தோற்றம். கடைல வாங்கி ஒட்டுற ரெடிமேட் கிட் இல்ல, பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டி நானே பண்றது. டெக், பிரிட்ஜ், புகைபோக்கி எல்லாம் ஓரளவுக்கு வந்துருச்சு, பீரங்கி உட்கார்ந்திருக்கிற சுத்துற கூண்டு, அதாவது டரெட்டு, அதுல தான் அப்படியே நின்னுட்டேன். பி டரெட்டு, அதாவது முன்னாடி இருந்து ரெண்டாவது டரெட்டு, அதோட முன் தகட்டு அகலத்தை நாலு இடத்துல பார்த்தேன், நாலும் நாலு அளவு சொல்லுது. பெருசுக்கும் சிறுசுக்கும் நடுவுல என் ஸ்கேல்ல 2 மி.மீ. வித்தியாசம், அதாவது நிஜக் கப்பல்ல 40 செ.மீ. ஒரு பேட்டில்ஷிப்பைப் பார்க்கிறவங்க கண்ணு முதல்ல போய் நிக்கிற இடமே டரெட்டு தான், அது கொஞ்சம் தடிச்சுப் போனாலும் கப்பலே வேற கப்பல் மாதிரி ஆயிடும், அதனால இதை எப்படியோ ஒப்பேத்திட்டுப் போக மனசு வரல. இந்த ரெண்டு மாசத்துல ஒவ்வொரு வழியா முயற்சி பண்ணிப் பார்த்தேன், எது எங்க உதவுச்சு, எது எங்க காலை வாரிச்சுன்னு இங்க எழுதுறேன், இதே இடத்துல நிக்கிறவங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிடறேன். டரெட்டுன்னா கவசத் தகடு சுத்தி மூடின கூண்டு, அது கீழ இருக்கிற பார்பெட்னு சொல்ற உருளைக் கவசத்துக்கு மேல சுத்தும். எல்லா பீரங்கியும் டரெட்டுல இருக்காது. எம்டன் எம்டன்னு பேசுறோமே, அந்தக் கப்பல்ல டரெட்டே கிடையாது, 10.5 செ.மீ. பீரங்கி பத்தும் தனித்தனி பீடத்துல நின்னுச்சு, முன்னாடி ஒரு கவசத் தகடு மட்டும். அந்த மாதிரி பீரங்கிக்கு அளவு எடுக்கிறது வேற கதை, நான் சொல்றது மூடின டரெட்டுக்கு மட்டும்.

அடுத்தது, உங்களுக்கு எவ்வளவு துல்லியம் வேணும்ங்கிறதை முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க, இல்லன்னா தேவையே இல்லாம மாசக்கணக்கா அலைவீங்க. நிஜத்துல 6 இன்ச் தப்புன்னு வச்சுக்குவோம். 1/700-ல அது 0.2 மி.மீ., பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது. 1/350-ல 0.44 மி.மீ., பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா தெரியலாம். 1/200-ல 0.76 மி.மீ., தெரியும். தண்ணில ரிமோட் வச்சு ஓட்டுற ஆர்சி கப்பல்காரங்க 1/96-ல பண்ணுவாங்க, அங்க 1.6 மி.மீ., நல்லாவே தெரியும். அதனால 1/700 பண்றவங்க கீழ நான் சொல்ற பாதி வேலையை விட்டுடலாம், கிட்ல வர்றதை அப்படியே கூட போடலாம், ஒரே ஒரு செக் பண்ணிட்டு. அந்த செக் என்னன்னு சொல்றேன்.

இருக்கிறதுலயே சுலபமான வழி, ஏற்கனவே வந்திருக்கிற கிட்டை வெர்னியர் காலிப்பர் வச்சு அளந்து நம்ம ஸ்கேலுக்குப் பெருக்கிக்கிறது. நானும் அதுல தான் ஆரம்பிச்சேன். ஒரு 1/350 கிட்டோட டரெட்டை அளந்து 1.75-ஆல பெருக்கி ஒண்ணு செஞ்சும் முடிச்சேன், ஹல் மேல வச்சுப் பார்த்தா ஏதோ உறுத்துது. என்ன உறுத்துதுன்னு ரெண்டு நாள் புரியல. அப்புறம் தான் ரெண்டு பீரங்கிக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அளந்து பார்த்தேன். ராயல் நேவியோட 15 இன்ச் மார்க் 1 பீரங்கி ரெட்டை டரெட்டுல, ரெண்டு பேரலோட, அதாவது பீரங்கிக் குழாயோட, மையத்துக்கும் நடுவுல 98 இன்ச். அதாவது 2489 மி.மீ. 1/350-ல 7.1 மி.மீ. வரணும். கிட்ல 6.6 தான் இருந்துச்சு. அரை மி.மீ. தானேன்னு தோணும், ஆனா நிஜத்துல அது 18 செ.மீ., நான் 1.75-ஆல பெருக்கினப்போ தப்பையும் சேர்த்துப் பெருக்கிட்டேன். ரெண்டு பேரலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிற மாதிரி இருந்துச்சு, அதான் உறுத்தல்.

அந்தக் கிட் கம்பெனியை நான் குறை சொல்லல, அவங்க சௌகரியம் வேற. அச்சுல இருந்து பாகம் கழண்டு வரணும்னா சுவர் நேரா இருக்கக் கூடாது, ஒண்ணு ரெண்டு டிகிரி சாய்வு குடுத்தே ஆகணும். சுவர் 8 மி.மீ. உயரம்னா ரெண்டு டிகிரில மேல்பக்கம் ஒரு சைடுக்கு 0.28 மி.மீ. உள்ள போயிடும், ரெண்டு சைடும் சேர்த்தா அரை மி.மீ.க்கு மேல. நீங்க கீழ அளக்குறீங்களா மேல அளக்குறீங்களாங்கிறதைப் பொறுத்து அளவே மாறும். ரெசின்ல வார்த்ததா இருந்தா அது இறுகும்போது சுருங்குறது தனிக்கணக்கு. இன்டர்நெட்ல கிடைக்கிற த்ரீடி பிரின்ட் ஃபைலும் இதே லிஸ்ட்ல தான் வருது. கம்ப்யூட்டர்ல வரைஞ்சது, மூணு தசமம் வரைக்கும் நம்பர் காட்டும், அதனால சரியா தான் இருக்கும்னு மனசு நம்பிடுது. வரைஞ்சவர் எதைப் பார்த்து வரைஞ்சார்னு கேளுங்க, பெரும்பாலும் ஒரு கிட்டையோ ஒரு பிளானையோ பார்த்து வரைஞ்சதா இருக்கும். அதனால 1/700-க்கும் சரி, எந்த ஸ்கேலுக்கும் சரி, நான் சொன்ன அந்த ஒரு செக் இது தான்: பேரல் நடுத் தூரத்தை அளங்க. அது சரியா இருந்தா மத்ததும் ஓரளவு சரியா இருக்க வாய்ப்பு உண்டு, அதுவே தப்புன்னா அந்த டரெட்டுல எதையும் நம்பாதீங்க.

அடுத்தது மாடல் பண்றவங்களுக்காகவே வரைஞ்சு விக்கிற பிளான். இதுல நல்லது ரொம்ப நல்லா இருக்கு, மோசமானது கிட்டை விட மோசம். பார்த்த உடனே எது எதுன்னு சொல்ல முடியாதுங்கிறது தான் சிக்கல், ஏன்னா கோடு எல்லாம் அழகா, தன்னம்பிக்கையா இருக்கும். நான் ஒரு பிளான்ல எச்.எம்.எஸ். ஹூட் கப்பலுக்கு வார்ஸ்பைட் டைப் டரெட்டை அப்படியே போட்டிருந்ததைப் பார்த்திருக்கேன். ரெண்டும் அதே 15 இன்ச் பீரங்கி தான், ஆனா ஹூட்ல இருந்தது மார்க் 2 டரெட்டு, அதுல பீரங்கி 30 டிகிரி வரைக்கும் தூக்கும், பழைய மார்க் 1-ல 20 டிகிரி தான். கூரையோட வடிவமே வேற, ஹூட்ல 30 அடி ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது குறியோட தூரத்தை அளக்கிற கருவி, அது பின்னாடி ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரே பீரங்கின்னா ஒரே டரெட்டுன்னு நினைக்கிறது தான் இந்த விஷயத்துல அதிகம் பேர் விழுற குழி. என்னோட வார்ஸ்பைட்லயே பாருங்க, முதல் உலகப் போர்ல, 1916 ஜட்லாண்ட் கடற்போர்ல சண்டை போட்ட வார்ஸ்பைட்டும் 1937-ல வெளிய வந்த வார்ஸ்பைட்டும் ஒண்ணு இல்ல, மறுசீரமைப்புல இந்த டரெட்டுகளையும் 30 டிகிரிக்கு தூக்குற மாதிரி மாத்தினாங்க, 1940 ஜூலை 9-ல இத்தாலியோட ஜூலியோ சேசரேவை ஏறக்குறைய 26,000 யார்டு தூரத்துல அடிச்சது அப்படி மாத்தின டரெட்டு தான். பிளான்ல தேதி போடலன்னா அந்தப் பிளான் எந்த வருஷத்து டரெட்டைக் காட்டுதுன்னே தெரியாது. வான்கார்ட் இன்னும் குழப்பம், கப்பல் 1946-ல சர்வீஸுக்கு வந்துச்சு, ஆனா டரெட்டு எல்லாம் கரேஜியஸும் குளோரியஸும் விமானந்தாங்கிக் கப்பலா மாறினப்போ கழட்டி வச்ச பழசு, அதைத் திருத்தி மாட்டினாங்க.

தேதி விஷயம் பிரிட்டிஷ் கப்பலுக்கு மட்டும் இல்ல. ஜெர்மனியோட பிஸ்மார்க்ல முன்னாடி இருக்கிற ஆன்டன் டரெட்டோட ரேஞ்ச்ஃபைண்டரை, அலை வந்து அடிச்சுக்கிட்டே இருக்குன்னு கழட்டிட்டாங்க. அதனால 1940 பிஸ்மார்க் மாடலுக்கும் கடைசிப் பயணம் போன 1941 மே மாச பிஸ்மார்க் மாடலுக்கும் ஆன்டன் டரெட்டு ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

அப்போ ஒரிஜினல் டிராயிங்? கப்பல் கட்டினவங்க வரைஞ்சது. எல்லாரும் இதைத் தான் கடைசித் தீர்ப்புன்னு சொல்வாங்க, நானும் பெரும்பாலும் ஒத்துக்கிறேன், கிடைச்சா முதல்ல இதை எடுங்க. பிரிட்டிஷ் கப்பல்னா கிரீன்விச் நேஷனல் மேரிடைம் மியூசியத்துல பெரிய சேகரம் இருக்கு, அமெரிக்கக் கப்பல்னா அவங்க நேஷனல் ஆர்கைவ்ஸ். கட்டி முடிச்ச அப்புறம் கப்பல் உண்மையிலேயே எப்படி இருந்துச்சோ அப்படி வரைஞ்ச, ஆஸ் ஃபிட்டட்னு சொல்ற டிராயிங் தான் வேணும், டிசைன் கட்டத்துல வரைஞ்சது வேண்டாம். இந்த டிராயிங் பெரும்பாலும் அடிக்கு 1/8 இன்ச் ஸ்கேல்ல இருக்கும், அதாவது 1/96. 1/96-ல ஆர்சி கப்பல் பண்றவங்களுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு அப்படியே பொருந்தும், அது பெரிய வசதி.

ஆனா இதுலயும் மூணு விஷயம் கவனிக்கணும். பேப்பர் சுருங்கும், அதுவும் நீளவாக்குல ஒரு அளவும் அகலவாக்குல வேற அளவும் சுருங்கும், ஸ்கேன் பண்ணும்போது இன்னும் கொஞ்சம் இழுபடும். அதனால டிராயிங்ல இருக்கிற ஸ்கேல் கோட்டை வச்சு நீளத்தை மட்டும் சரி பண்ணா பத்தாது, பார்பெட் வட்டத்தை எடுத்து குறுக்கயும் நெடுக்கயும் அளந்து பாருங்க, வட்டம் வட்டமாவே இருக்கான்னு. என் காப்பில நெடுக்க விட குறுக்க 1 சதவீதம் கம்மியா இருந்துச்சு. ரெண்டாவது, கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கு, நீங்க அரை மி.மீ. தப்பாப் படிச்சா 1/96 டிராயிங்ல அது நிஜத்துல 48 மி.மீ., என்னோட 1/200-ல 0.24 மி.மீ. அதுவரைக்கும் பரவால்ல. மூணாவது தான் முக்கியம், கப்பல் முழுசையும் காட்டுற பொது டிராயிங்ல டரெட்டை சும்மா ஒரு உருவமா போட்டிருப்பாங்க. டரெட்டைக் கட்டினது ஆர்ம்ஸ்ட்ராங், விக்கர்ஸ் மாதிரி பீரங்கிக் கம்பெனிங்க, கப்பலைக் கட்டினது வேற யார்டா இருக்கும், யார்டுக்காரருக்கு டரெட்டு எங்க உட்காருது, எவ்வளவு இடம் எடுக்குதுங்கிறது தான் தேவை, கூரைத் தகடு எத்தனை டிகிரி சாயுதுங்கிறது அவருக்கு அவ்வளவு முக்கியம் இல்ல. அதனால டரெட்டோட சொந்த டிராயிங்கைத் தேடுங்க, இல்லன்னா அந்த டரெட்டுக்கு நேவி போட்ட பீரங்கிக் கையேட்டைத் தேடுங்க.

ரெண்டு ஆபீஸும் ஒண்ணோட ஒண்ணு பேசாம இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அமெரிக்காவோட அயோவா கிளாஸ் பேட்டில்ஷிப் கதை இருக்கு. 1938-ல அமெரிக்கால கப்பலை டிசைன் பண்ற பிரிவு 37 அடி 3 இன்ச் பார்பெட்டுக்குத் தகுந்த மாதிரி ஹல்லை வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க, ஆயுதத்தைப் பார்க்கிற பிரிவு 39 அடி 4 இன்ச் பார்பெட் வேணும்ங்கிற டரெட்டை வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நவம்பர்ல தான் இது வெளிய வந்துச்சு. டரெட்டு கப்பலுக்குள்ளயே போகாது! கடைசில 16 இன்ச் பீரங்கியையே புதுசா, எடை குறைவா டிசைன் பண்ணி, அதான் மார்க் 7, சின்ன பார்பெட்ல அடக்கினாங்க. அந்த இடைப்பட்ட காலத்து டிராயிங் ஒண்ணு உங்க கைக்குக் கிடைச்சு, ஒரிஜினலாச்சேன்னு அதை வச்சு டரெட்டு பண்ணீங்கன்னா, கட்டவே கட்டாத ஒரு கப்பலுக்குப் பண்ணினதா ஆயிடும். ஒரிஜினல்ங்கிற வார்த்தைக்காக மட்டும் எதையும் நம்பக் கூடாதுன்னு நான் சொல்றது அதனால தான்.

நேர்ல போய் அளக்கிறது எல்லாக் கப்பலுக்கும் வாய்க்காது, வாய்ச்சவங்க குடுத்து வச்சவங்க. அயோவா கிளாஸ் நாலும் மியூசியமா நிக்குது, லண்டன்ல எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் நிக்குது. ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ்னு ஜெர்மன் கப்பல் பண்றவங்களுக்கு நார்வேல ஒரு பொக்கிஷமே இருக்கு, க்னைசெனாவோட சீசர் டரெட்டு, மூணு 28 செ.மீ. பீரங்கியோட, ஆஸ்ட்ராட் கோட்டைல அப்படியே இருக்கு. கப்பல் போயே போச்சு, டரெட்டு நிக்குது. போனா டேப்பை விட லேசர் மீட்டர் எடுத்துட்டுப் போங்க, ஏன்னா டரெட்டுல சுவர் சாய்வா இருக்கும், கைப்பிடி, ஏணி, லைஃப் ராஃப்ட் மாட்டுற கொக்கின்னு டேப்பை நேரா ஓட விடாது. போட்டோவும் சும்மா அழகுக்கு எடுக்காம, அளவு தெரிஞ்ச ஒரு குச்சியைத் தகட்டோட ஒட்டி வச்சு எடுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, மியூசியத்துல நிக்கிறது கப்பலோட கடைசித் தோற்றம். அயோவா கிளாஸ்ல 1944-ல டரெட்டு கூரை மேல விமானத்தைச் சுடுற 40 மி.மீ. போஃபோர்ஸ் பீரங்கி இருந்துச்சு, இன்னைக்குப் போனா அது இருக்காது. பெரிய தகடு மாறியிருக்காது, மேல மாட்டினது எல்லாம் மாறியிருக்கும்.

பெல்ஃபாஸ்ட்ல நேர்ல பார்த்தா மட்டுமே மனசுல உறைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. மூணு 6 இன்ச் பீரங்கில நடுப் பீரங்கி மத்த ரெண்டை விட 30 இன்ச் பின்னாடி உட்கார்ந்திருக்கும். மூணு குண்டும் ஒரே நேரத்துல பக்கத்துல பக்கத்துல பறந்தா ஒண்ணோட காத்து இன்னொண்ணைத் தள்ளிவிடும்னு அப்படி வச்சாங்க. 1/350-ல அது 2.2 மி.மீ. மூணு பேரலையும் ஒரே நீளத்துல வெட்டி வரிசையா ஒட்டின மாடல் எத்தனையோ பார்த்திருக்கேன், முன்னாடி இருந்து பார்த்தா தெரியாது, மேல இருந்து பார்த்தா உடனே தெரியும்.

வார்ஸ்பைட்டுக்கு நேர்ல அளக்க எதுவும் மிச்சம் இல்ல, 1947-ல உடைக்க இழுத்துட்டுப் போற வழில கார்ன்வால் கரைல தட்டி அங்கயே கிடந்து உடைபட்ட கப்பல் அது. ஆனா அதே டைப் பீரங்கி ரெண்டு லண்டன் இம்பீரியல் வார் மியூசியம் வாசல்ல இருக்கு, ரமிலீஸ், ரெசல்யூஷன் கப்பல்கள்ல இருந்து வந்தது. டரெட்டு கிடையாது, பேரல் மட்டும். அதோட நல்ல போட்டோக்களை வச்சு உட்கார்ந்தப்போ தான் பேரல்ல நான் பண்ணின ரெண்டு தப்பும் தெரிஞ்சுது. 15 இன்ச்ங்கிறது உள்ள இருக்கிற ஓட்டையோட விட்டம், வெளி விட்டம் இல்ல. 15 இன்சை 200-ஆல வகுத்தா 1.9 மி.மீ., நான் பாட்டுக்கு 1.9 மி.மீ. பித்தளைக் குழாயை எடுத்து வெட்டி வச்சிருந்தேன், மஸில் பக்கம், அதாவது குண்டு வெளிய வர்ற வாய்ப்பக்கம், சுவர் தடிமன் ரெண்டு பக்கமும் சேரணும், அதுவும் பின்னாடி போகப் போக பேரல் தடிச்சுக்கிட்டே போகும். ரெண்டாவது நீளம். 42 காலிபர்னா 15 பெருக்கல் 42, 630 இன்ச், அது உள் ஓட்டையோட நீளம். பீரங்கி மொத்த நீளம் 650.4 இன்ச், 1/200-ல 82.6 மி.மீ. ஆனா அந்த மொத்த நீளமும் வெளிய தெரியாது, ஒரு நல்ல பங்கு டரெட்டுக்குள்ள இருக்கும். எவ்வளவு வெளிய தெரியுதுங்கிறதை எந்த டேபிளும் சொல்லாது.

அதுக்குத் தான் போட்டோ. நான் கடைசியா வந்து நின்ன இடம் இது, அதனால இதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி சொல்றேன்.

போட்டோல இருந்து அளவு எடுக்கிறதை நிறைய பேர் கேவலமா பார்க்கிறாங்க, தூரத்துல இருக்கிறது சின்னதா தெரியும், அதை வச்சு என்ன அளக்குறதுன்னு. அவங்க சொல்ற ஆபத்து நிஜம். 100 மீட்டர் தூரத்துல இருந்து கப்பலைப் பக்கவாட்டுல எடுக்குறாங்கன்னு வைங்க, டரெட்டு 10 மீட்டர் அகலம்னா கிட்ட இருக்கிற சுவர் 100 மீட்டர்ல, எதிர்ச்சுவர் 110 மீட்டர்ல, நடுக்கோடு 105-ல. கிட்ட இருக்கிற சுவர் நடுக்கோட்டை விட 5 சதவீதம் பெருசா தெரியும். 12 மீட்டர் நீளத்துக்கு 5 சதவீதம்னா 60 செ.மீ., 1/200-ல 3 மி.மீ. இது தெரியாம அளந்தா இன்னொரு தப்பு அளவு கிடைக்கும், அவ்வளவு தான். ஆனா இந்தத் தப்புக்கு ஒரு கணக்கு இருக்கு, கணக்கு இருக்கிற தப்பை சரி பண்ணிடலாம். பிளான்ல வரைஞ்சவர் பண்ணின தப்புக்குக் கணக்கே கிடையாது.

டரெட்டுல நிச்சயமா தெரிஞ்ச அளவு ரெண்டு இருக்கு, ரெண்டும் மெஷின் அளவு, ஓவியர் ஊகம் இல்ல. ஒண்ணு நான் முன்னாடியே சொன்ன 98 இன்ச். இன்னொண்ணு பார்பெட், இந்த 15 இன்ச் டரெட்டுக்கு உள் விட்டம் 30 அடி 6 இன்ச், 1/200-ல 46.5 மி.மீ. அதுக்கு வெளிய கவசத் தடிமன் ரெண்டு பக்கமும் சேரணும், வார்ஸ்பைட்ல தடிமனான இடத்துல 10 இன்ச், ஆக வெளி விட்டம் 386 இன்ச், என் ஸ்கேல்ல 49 மி.மீ. முன்னாடி பார்த்த போட்டோவுக்கு முதல் அளவு, பக்கவாட்டுப் போட்டோவுக்கு ரெண்டாவது அளவு, அது தான் ரூலர்.

பக்கவாட்டுக்கு பார்பெட்டை ஏன் எடுக்கிறேன்னா, அது வட்டம், எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அகலம் ஒண்ணு தான். அதை விட முக்கியம், தூரத்துல இருந்து பார்க்கும்போது வட்டத்தோட இடது வலது விளிம்பு கப்பலோட நடுக்கோட்டுல தான் விழும். பேரல்களும் நடுக்கோட்டுல இருந்து இந்தப் பக்கம் 49 இன்ச், அந்தப் பக்கம் 49 இன்ச் தான். அதனால பார்பெட்டை ரூலரா வச்சு பேரல் எவ்வளவு வெளிய நீட்டுதுன்னு அளந்தா மேல சொன்ன 5 சதவீதத் தப்பு ஒண்ணேகால் சதவீதத்துக்குக் கீழ வந்துடும், அதையும் கணக்குல கழிச்சுக்கலாம். பி டரெட்டும், பின்பக்கம் அதே மாதிரி இருக்கிற எக்ஸ் டரெட்டும் உயரத்துல இருக்கிறதால அவங்க பார்பெட் நல்லா வெளிய தெரியும், முன்னாடி தாழ்வா இருக்கிற ஏ டரெட்டை விட்டுட்டு பி-யை எடுங்க. பேரல் படுக்கையா இருக்கணும், தூக்கி இருந்தா குட்டையா தெரியும்.

முன்பக்கப் போட்டோல பெரிய குழி ஒண்ணு இருக்கு, நான் விழுந்தேன். டரெட்டு கேமராவைப் பார்த்து இருக்கு, மஸில் ரெண்டும் பளிச்சுன்னு வட்டமா தெரியுது, அதோட மையத்துக்கு மையம் பிக்சல் எண்ணி, அது 98 இன்ச், அப்போ முன் தகடு இவ்வளவுன்னு போட்டேன். தப்பு. மஸில் முன் தகட்டை விட பல மீட்டர் கேமராவுக்குக் கிட்ட இருக்கு, அதனால மஸில் நடுத் தூரம் பெருசா தெரியும், அதை ரூலரா வச்சா தகடு சின்னதா வந்துடும். ரூலரும் அளக்குற பொருளும் ஒரே தூரத்துல இருக்கணும். அதனால பேரல் தகட்டுக்குள்ள நுழையுற இடத்துல மையத்துக்கு மையம் எடுக்கணும்.

இந்தத் தப்புல இருந்து தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் கிடைச்சுது. பேரல் ரெண்டும் இணையா போறதால, மஸில்லயும் 98 தான், தகட்டுலயும் 98 தான். ஒரு போட்டோல மஸில் பக்கம் 220 பிக்சல், தகட்டுப் பக்கம் 200 பிக்சல் வந்துச்சு. விகிதம் 1.1. அப்படின்னா கேமரால இருந்து மஸிலுக்கு இருக்கிற தூரம், வெளிய நீட்டுற பேரல் நீளத்தைப் போல பத்து மடங்கு. பேரல் நீளம் பக்கவாட்டுப் போட்டோல ஏற்கனவே எடுத்தாச்சு, ஆக கேமரா எத்தனை மீட்டர் தள்ளி நின்னுச்சுன்னு தெரிஞ்சு போச்சு! எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ எந்தக் கேமராலயோ எடுத்த போட்டோ, லென்ஸ் என்னன்னு தெரியாது, எங்க நின்னாருன்னு தெரியாது, ஆனா ரெண்டு நம்பர்ல அவர் நின்ன தூரம் கிடைக்குது. தூரம் தெரிஞ்ச அப்புறம் தகட்டுக்குப் பின்னாடி இருக்கிற கூரை விளிம்பு, பின்சுவர் எதை வேணா அந்தந்தத் தூரத்துக்குத் திருத்தி எடுத்துக்கலாம். இதை ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தப்போ வந்த சந்தோஷம் கப்பல் முடிஞ்சா கூட வராதுன்னு நினைக்கிறேன்.

மேல இருந்து எடுத்த போட்டோ இருந்தா பார்பெட் வட்டம் முட்டை மாதிரி தெரியும், அதோட குட்டை அச்சை நீள அச்சால வகுத்தா கேமரா எந்தக் கோணத்துல பார்த்துச்சுன்னு சைன் கணக்குல வரும். கூரைச் சாய்வு எடுக்க அது உதவும். ஆனா ஒரு போட்டோவை மட்டும் நம்பாதீங்க, குறைஞ்சது மூணு போட்டோல தனித்தனியா எடுத்து, மூணும் ஒத்து வருதான்னு பாருங்க. எனக்கு முன் தகட்டு அகலம் மூணு போட்டோலயும் 0.4 மி.மீ.க்குள்ள ஒத்து வந்துச்சு. கேன்வாஸ் உறை பேரல் அடில மாட்டியிருக்கிற போட்டோவை விட்டுடுங்க, பேரல் எங்க தகட்டுக்குள்ள போகுதுன்னே அது மறைச்சுடும்.

இப்போ எதை எடுக்கிறது? 1/700-க்கு கிட்டே போதும், பேரல் தூரத்தை மட்டும் செக் பண்ணுங்க. 1/350-க்கு தேதி போட்ட ஒரு நல்ல பிளான் வாங்குங்க, அதை பேரல் தூரத்தாலயும் பார்பெட்டாலயும் சரி பாருங்க, ரெண்டும் ஒத்து வந்தா நிம்மதியா வெட்ட ஆரம்பிக்கலாம். 1/200-ம் அதை விடப் பெரிய மாடலும்னா ஒரிஜினல் டரெட் டிராயிங் கிடைச்சா அது, கிடைக்காத இடத்துக்கு போட்டோ கணக்கு, ரெண்டும் இருந்தா போட்டோவை வச்சு டிராயிங்கை சோதிக்கணும். நான் இப்போ அப்படித் தான் போறேன், மேல்பார்வை வெளிக்கோட்டை டிராயிங்ல இருந்தும், முன் தகட்டையும் கூரைச் சாய்வையும் போட்டோல இருந்தும் எடுக்கிறேன். கப்பல் எங்கயாவது உயிரோட நிக்குதுன்னா, எந்த ஸ்கேலா இருந்தாலும் போய் அளந்துடுங்க, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

முதல்ல நேரா பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிடாதீங்க, அட்டைல ஒண்ணு செஞ்சு பாருங்க. நான் பி டரெட்டை சாதா அட்டைல வெட்டி டேப் ஒட்டி, 49 மி.மீ. பார்பெட் வளையத்து மேல வச்சு, போட்டோ எடுத்தவர் நின்ன தூரத்தை 200-ஆல வகுத்து அந்தத் தூரத்துல போனை வச்சு அதே கோணத்துல ஒரு படம் எடுத்தேன், பழைய போட்டோ மேல அதை மங்கலா போட்டுப் பார்த்தேன். முன் தகடும் பேரலும் கோட்டு மேல கோடு உட்கார்ந்துச்சு. கூரையோட பின்பக்கம் மட்டும் ஒரு முடி அளவு உயரமா இருக்கு, அதை 0.3 மி.மீ. இறக்கி நாளைக்கு இன்னொரு அட்டை வெட்டணும்.